யார் தலையில்?

எழுபதுகளில் கரவனெல்லயைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் கார் வைத்திருந்தவர்கள் சொற்பம். துரை, டாக்டர், அவர்களுக்கு அடுத்தபடியாக எங்கள் பெரியப்பா மாதிரி ஒரு பெரிய கிளாக்கர். பெரியப்பாவுடையது 948 சிசி மொரிஸ் மைனர். அந்நியச் செலாவணி இல்லையென்று அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பூட்டியிருந்த காலம் அது. இருக்கிற எஞ்சினுக்கே திரும்பத் திரும்ப உயிர் கொடுப்பார்கள். சிலிண்டரைக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் இறக்கி, பஞ்சிகாவத்தையில் அலைந்து பிடித்த வால்வுகளைப் போட்டு வண்டி வந்து சேர்ந்தது. ஹெட் கஸ்கட் மட்டும் பழையது. செம்புத் தகட்டுக்குள் கல்நார் வைத்த அந்தச் சாமானுக்கு வெள்ளிப் பெயின்ட் பூசி, "புதுசு மாதிரித்தான் மாத்தயா" என்றார் கராஜ் பாஸ்.

கொஞ்ச நாளில் ரேடியேட்டர் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. கித்துல்கல தாண்டி கினிகத்தேனை ஏற்றம் பிடித்தால் ஒவ்வொரு பீலியிலும் நிறுத்தவேண்டும். அந்தக் காரில் சூடு காட்டும் முள் கிடையாது. பானட் இடுக்கில் ஆவி வந்தால் சூடு என்று அர்த்தம்.

கஸ்கட் ஒரு சாதாரணத் தகடு. ஆனால் நெருப்பு, தண்ணீர், எண்ணெய் என்று ஒன்றோடொன்று சேரக்கூடாத மூன்றையும் பிரித்து வைப்பது அதுதான். எந்த இடத்தில் பிய்கிறதோ அதற்கேற்ற அடையாளம் தெரியும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களுக்கு நடுவே பிய்ந்தால் இரண்டிலும் கம்ப்ரெஷன் விழும்; தண்ணீர் ஒரு சொட்டும் குறையாது. சிலிண்டருக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவே என்றால் ரேடியேட்டரில் குமிழி. தண்ணீரும் எண்ணெயும் கலந்தால் டிப் ஸ்டிக்கில் பால் தேத்தண்ணி.

பாஸ் இதெல்லாம் தெரியாதவர் அல்ல. ஆனால் ஹெட்டை மறுபடி கழற்றினால் கூலி யார் தருவது? ஆகவே காரணங்கள் வரிசையாக வந்தன. பெட்ரோல் சரியில்லை. ஏற்றம் அதிகம். மாத்தயா கிளட்ச் மேல் காலை வைத்தே ஓட்டுகிறார். எண்ணெய் மூடிக்கடியில் வெள்ளையாகப் பசை இருக்கிறதே என்றதற்கு, பங்களாவுக்கும் ஃபேக்டரிக்கும் மட்டும் ஓடினால் ஈரம் படியும் என்றார். அது பொய்யில்லை, இந்த மழை நாட்டில் நல்ல எஞ்சினிலும் அந்தப் பசை படியும். காலையில் சைலன்ஸர் விடும் வெள்ளைப் புகைக்கும் பதில் வைத்திருந்தார்: "களனி கங்கையே காலையில புகை விடுது, கார் விடாதா?"

கடைசியில் தோட்டத்து ஃபேக்டரி எஞ்சினைப் பார்த்துக்கொண்ட அண்ணன் ஒருநாள் விடிகாலையில் வந்தார். எஞ்சின் ஆறிக்கிடக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்தார், விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினார், தண்ணீர் பம்ப் சுற்றிக் கலக்கிவிடாதபடி பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். வரிசையாகக் குமிழிகள். "கிளாக்கரய்யா, கஸ்கட் போயிருச்சி." பாஸுக்கு ஆத்திரம். ரப்பர் அரைக்கிற எஞ்சினுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான்: அந்த எஞ்சினில் அந்த அண்ணனுக்கு யாரும் தனியாகக் கூலி தருவதில்லை.

இப்போது என் மருமகன் காலம். 2020 மார்ச்சில் கார் இறக்குமதியை நிறுத்தினார்கள். திரும்பத் திறக்க 2025 ஆகிவிட்டது. வருஷமும் அரசாங்கமும் மாறின, எஞ்சினைப் பிரித்துத் திரும்பக் கட்டுகிற தொழில் மட்டும் மறுபடி செழித்தது. மருமகனின் ஜப்பான் ஹைபிரிட்டும் அப்படிக் கட்டப்பட்டதுதான். அதிலும் முள் இல்லை. நீல விளக்கு, சிவப்பு விளக்கு, அவ்வளவே. இத்தனை வருஷ முன்னேற்றத்தில் ஆவி போய் விளக்கு வந்திருக்கிறது.

"மாமா, கம்ப்யூட்டர் போட்டு ஸ்கேன் பண்ணிட்டாங்க, ஒரு கோளாறும் இல்லையாம்."

"கூலண்ட் குறையுதா?"

"அது குறையுது."

கம்ப்யூட்டர் சென்ஸர் சொல்வதைத்தான் சொல்லும். தண்ணீர் மட்டம் இறங்கி சென்ஸர் காற்றில் நின்றால் அதற்குச் சூடு சரியாகத் தெரியாது. கராஜ்காரர் முதலில் தெர்மோஸ்டாட் மாற்றினார். பிறகு ரேடியேட்டர் மூடி. பிறகு மின்விசிறி ரிலே. எல்லாமே மருமகன் காசு. கஸ்கட் என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் அது அவர் செய்த வேலையாகிவிடுமே.

இன்று வசதியான சோதனை ஒன்று இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாய் வைத்து, அங்கே மேலெழும் காற்றை நீல நிறத் திரவத்தினூடே இழுப்பார்கள். எரிந்த புகையின் கரியமில வாயு அதில் இருந்தால் நீலம் மஞ்சளாகும். அவிசாவளையில் ஒருவர் செய்து காட்டினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளானது.

பெரியப்பாவின் காரில் ஹெட்டும் பிளாக்கும் இரண்டுமே வார்ப்பிரும்பு. சூடேறினாலும் ஓரளவு தாங்கும். இப்போதைய ஹெட் அலுமினியம். சூட்டில் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஆவி பறக்க ஓட்டினால் கோணிவிடும். கோணிய ஹெட்டைச் சீவ வேண்டும், சீவிய தளம் வழவழவென்று இருக்கவேண்டும், இல்லாவிட்டால் எஃகு அடுக்குக் கஸ்கட் பிடிக்காது. பழைய போல்ட்களையும் திரும்பப் போடக்கூடாது என்றார்கள். இழுபட்டு நீண்டு இறுகுகிற வகையாம்.

மொரிஸ் மைனருக்குப் பாஸ் கடைசியில் கூலி வாங்கவில்லை, கஸ்கட் விலையை மட்டும் பெரியப்பா கொடுத்தார். மருமகனுக்கும் கராஜில் கூலியைத் தள்ளுபடி செய்தார்கள். ஹெட் சீவியது, போல்ட், கூலண்ட் எல்லாம் பில்லில் தனித்தனியாக இருந்தன. கோளாறே இல்லை என்று சொன்ன அந்த ஸ்கேனுக்கும் ஒரு வரி போட்டிருந்தார்கள்.