அஞ்சாவது சப்ஜெக்ட் மாமா

உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு எழுதிய பிள்ளை இருக்கிறதா? அதுவும், "டாக்டராகணும்" என்று என்றைக்கோ வாய்தவறிச் சொல்லிவிட்ட பிள்ளையா? அப்படியானால் கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் பயனில்லை. அவர் கிளம்பிவிட்டார்.

டெல்லியில் தமிழர்கள் இருக்கிற இடமெல்லாம் அவர் இருப்பார். ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் படியிறங்கும்போது எதிரே ஏறி வருவார். மயூர் விஹாரில் குருவாயூரப்பன் கோவில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். தமிழ்ச் சங்கத்தில் பட்டிமன்றம் முடிந்து கலைகிற கூட்டத்தில் நிச்சயம் இருப்பார். ஏரியாவுக்கு ஏரியா பெயர் மாறும். நாம் அவரை அஞ்சாவது சப்ஜெக்ட் மாமா என்று வைத்துக்கொள்வோம். அது ஏன் அஞ்சாவது என்பது போகப்போகத் தெரியும்.

மாமா சாஸ்திரி பவனில் அசிஸ்டென்டாகச் சேர்ந்து அண்டர் செக்ரட்டரியாக ரிட்டையர் ஆனவர். காலமெல்லாம் ஃபைல் பார்த்த கண் சும்மா இருக்குமா? இப்போது ஃபைல் வருவதில்லை. அதனால் ஊரார் பிள்ளைகளைப் பார்க்கிறார். கையில் ஒரு ரெக்ஸின் பை. அதற்குள் நீட் தேர்வுக்கான தகவல் கையேடு, முழுசாகப் பிரிண்ட் எடுத்து, மூலையில் ஓட்டை போட்டு, பச்சை டேக் கோத்தது. முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் ஹைலைட்டர். சில பாராக்களின் ஓரத்தில் பென்சிலால் 'ப்ளீஸ் டிஸ்கஸ்'. யாரோடு டிஸ்கஸ் செய்வது? அதற்குத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்.

உள்ளே வந்ததும் ஃபேனுக்கு நேர்கீழே உட்கார்வார். பிள்ளையைக் கூப்பிட்டு முதுகில் தட்டுவார்.

"கங்கிராட்ஸ்டா கண்ணா. மேத்ஸ் ஸ்டாண்டர்டா, பேசிக்கா?"

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக் கணக்கில் 2020 தேர்விலிருந்து இப்படி இரண்டு வகை உண்டு. ஸ்டாண்டர்ட் என்றால் மாமா தலையசைப்பார். பேசிக் என்றால் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில் உங்கள் வளர்ப்பு முழுவதும் அடங்கிவிடும். எது எப்படியோ, அவர் பிள்ளையிடம் கேட்கும் முதலும் கடைசியுமான கேள்வி அதுதான். அதற்கப்புறம் பேச்செல்லாம் அப்பாவோடு. நடுநடுவே அம்மாவிடம், "சர்க்கரை கம்மியா" என்று ஒரு வாக்கியம்.

மாமா ஒன்றரை மணி நேரம் சொல்வதை ஒன்றரை நிமிஷத்தில் சொல்லிவிடலாம். எம்.பி.பி.எஸ். படிக்க ஆசைப்படுகிற பிள்ளை பிளஸ் டூவில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, இங்கிலீஷ் ஆகிய நான்கிலும் பாஸாக வேண்டும். பயாலஜிக்குப் பதில் பயோடெக்னாலஜி இருந்தாலும் சரி. நீட்டில் மொத்தம் 180 கேள்வி: பிசிக்ஸ் 45, கெமிஸ்ட்ரி 45, பயாலஜி 90. சரியான விடைக்கு 4 மார்க், தப்புக்கு ஒன்று கழியும், ஆக மொத்தம் 720. இரண்டு பேர் சமமாக நின்றால் முதலில் பயாலஜி மார்க்கைத்தான் பார்ப்பார்கள். இதில் ஆலோசனை சொல்ல ஏதாவது இருக்கிறதா? நான்கு பாடங்களையும் தேசிய மருத்துவ ஆணையம் தீர்மானித்துவிட்டது. பிள்ளையும் பேச முடியாது, பெற்றோரும் பேச முடியாது, மாமாவும் பேச முடியாது.

ஆனால் சி.பி.எஸ்.இ. கேட்பது ஐந்து பாடம். அங்கேதான் மாமாவுக்குச் சந்து கிடைக்கிறது.

யோசித்துப் பாருங்கள். பதினாறு வயதுப் பிள்ளை, பிறந்தது முதல் எந்த ஸ்கூல், எந்த டியூஷன், எந்தப் பாட்டு கிளாஸ் என்று எதையும் தானாக முடிவு செய்ததில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே ஒரு கட்டம் காலியாகக் கிடைக்கிறது. அந்தக் கட்டத்தில்தான் மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"மேத்ஸ் எடுக்கட்டும். எதுக்கும் இருக்கட்டும்."

இந்த 'எதுக்கும் இருக்கட்டும்' மாமாவின் மூலமந்திரம். டாக்டர் சீட் கிடைக்காவிட்டால் என்ஜினியரிங் போகலாமாம். போகலாம்தான். ஆனால் நீட்டில் கணக்குக்கு ஒரு மார்க்கும் கிடையாது என்பதையும், பிசிக்ஸிலேயே பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது என்பதையும் நீங்கள் எடுத்துச் சொன்னால், "வாஸ்தவம். ஆனா ஆப்ஷனை க்ளோஸ் பண்ணக் கூடாது" என்பார். அரசு ஊழியராக இருந்தவர் அல்லவா? எந்த ஃபைலையும் அவர் க்ளோஸ் செய்ததில்லை.

"பிசிக்கல் எஜுகேஷன் எடுக்கலாம்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க மாமா" என்று பிள்ளை ஈனஸ்வரத்தில் சொல்லும். மாமா உங்களைப் பார்த்துச் சிரிப்பார். "கபடி கிரவுண்டு எத்தனை மீட்டர்னு தெரிஞ்சுண்டு இவன் ஆபரேஷனா பண்ணப் போறான்?" சைக்காலஜி என்றால், "அது டாக்டர்கிட்ட வர்றவன் படிக்க வேண்டியது." கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால், "அதை மெஷினே பண்ணிடும், விடு."

தமிழ் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். சிம்லாவுக்கும் டெல்லிக்கும் மாறி மாறிக் குடிபோன தமிழ்க் குமாஸ்தாக்களின் பிள்ளைகளுக்காக 1923-இல் தொடங்கியது டெல்லி தமிழ்க் கல்விக் கழகம். இன்று ஏழு பள்ளிகள் நடத்துகிறது. அங்கே படிக்கிற பிள்ளைக்குத் தமிழையும் ஒரு பாடமாக எடுக்க வழி உண்டு. மாமா முகம் கோணும். "தமிழ் வீட்லயே பேசறதுதானே? அதுக்கு எதுக்கு ஒரு சப்ஜெக்ட்டை வேஸ்ட் பண்ணணும்?" இதைச் சொல்கிறவர்தான் போன ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்க மேடையில், அடுத்த தலைமுறையிடம் தமிழ் அழிகிறதே என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவர்.

பாடம் முடிந்தால் பூகோளம். மாமா பையிலிருந்து இரண்டாவது டேக் கட்டை எடுப்பார்.

"ஸ்கூல் எங்கே? டெல்லியா, நொய்டாவா?"

கேலி இல்லை, இது நிஜமாகவே பெரிய கேள்வி. மௌலானா ஆசாத், லேடி ஹார்டிஞ்ச், யு.சி.எம்.எஸ். போன்ற டெல்லி பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிகளில் மாநில ஒதுக்கீடாக உள்ள 85 சதவீத இடங்கள், பதினொன்றும் பன்னிரண்டும் டெல்லி எல்லைக்குள் உள்ள பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். வீடு எங்கே, ரேஷன் கார்டு எங்கே என்பதல்ல, பள்ளி எங்கே என்பதே கேள்வி. யமுனைக்குக் கிழக்கே குடியிருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இது தலையெழுத்து. வசுந்தரா என்கிளேவ் என்றால் டெல்லி. வெறும் வசுந்தரா என்றால் காஜியாபாத், அதாவது உத்தரப் பிரதேசம். ஸ்கூல் வேன் சிக்னலில் இடப்பக்கம் திரும்புவதா வலப்பக்கம் திரும்புவதா என்பதில் ஒரு மெடிக்கல் சீட்டே மாறிப்போகும்.

இந்த ஒரு விஷயத்தில் மாமா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இதை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அவருக்குச் சிலையே வைக்கலாம். ஆனால் போகமாட்டாரே. பெண் பிள்ளை என்றால், "லேடி ஹார்டிஞ்சை 1916-லேயே உனக்காகத்தான் கட்டி வெச்சிருக்கா" என்பார். அப்படியே தமிழ்நாட்டுக்குத் தாவுவார். அங்கே அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. "ஆறாம் கிளாஸ்லயே இவனைப் பாட்டி ஊருக்கு அனுப்பிச்சிருக்கலாம். யாருக்கு அந்த முன்யோசனை இருந்தது?" உங்களுக்கு இல்லை என்று அர்த்தம்.

பிறகு குரலைத் தாழ்த்துவார். "பேசாம ஒரு டம்மி ஸ்கூல்ல போட்டுட்டு, காலையிலேர்ந்து ராத்திரி வரை கோச்சிங் அனுப்புங்கோ." வருகைப் பதிவேட்டில் பெயர் ஒரு பள்ளியிலும், பிள்ளை வேறெங்கோவும் இருக்கும் ஏற்பாடு அது. 2024 நவம்பரில் இந்தக் காரணத்துக்காகவே 21 பள்ளிகளின் இணைப்பை சி.பி.எஸ்.இ. ரத்து செய்தது. அவற்றில் பெரும்பாலானவை டெல்லியில்தான் இருந்தன. இதை நீங்கள் நினைவுபடுத்தினால், "அது தெரிஞ்சுதான் குரலைத் தாழ்த்தினேன்" என்பார்.

மாமாவுக்கு ஒரு பெரிய அடி விழுந்தது 2023 நவம்பரில். அதுவரை அவர் கையில் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது: "பதினொண்ணுல பயாலஜியை விட்டியோ, ஆயுசுக்கும் டாக்டர் கிடையாது." எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பிள்ளைகளை இந்த ஒரு வாக்கியம் அழவைத்திருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டு அதை முறித்துப் போட்டது. பிளஸ் டூ முடித்த பிறகுகூட பயாலஜியைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம். மாமா அந்த அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்தார், டேக்கில் கோத்தார், கட்டின் அடியில் வைத்தார். அந்தப் பக்கத்தில் மட்டும் மஞ்சள் கிடையாது.

"உங்க வீட்ல யாராவது டாக்டரா மாமா?" என்று கேட்டுவிடாதீர்கள். மருமகள் பல் டாக்டர். அவளும் இதே பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி படித்து, இதே நீட் எழுதித்தான் பி.டி.எஸ். சேர்ந்தாள். மாமா கணக்கில் அது சேராது. "அது பல்லு" என்று நிறுத்திக்கொள்வார். சொல்லும்போது வாயில் மின்னுகிற கேப் மட்டும் அவள் போட்டது, ஃபீஸ் இல்லாமல்.

இப்படியொரு மே மாதச் சாயங்காலத்தில், ஒரு வீட்டில் மாமா காபியின் கடைசி மடக்கில் இருக்கும்போது, பத்தாம் வகுப்பு எழுதிய அந்த வீட்டுப் பெண் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் இருக்கும் இதயத்தின் குறுக்குவெட்டுப் படம். நான்கு அறைகள், வால்வுகள், சுத்த ரத்தத்துக்குச் சிவப்பு, அசுத்த ரத்தத்துக்கு நீலம். கலர் பென்சிலை ஒரே சீராகத் தேய்த்து, ஓரத்தில் நிழல்கூடக் கொடுத்திருந்தாள்.

"பெயின்ட்டிங் எடுத்திருக்கேன் மாமா."

மாமா படத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. பிறகு, "படம் பிரமாதம். ஆனா பெயின்ட்டிங் படிச்சா..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்தினார். "என்ன சொன்னே? எடுத்திருக்கேனா?"

ஆமாம். டெல்லியில் பதினொன்றாம் வகுப்பு ஏப்ரலிலேயே தொடங்கிவிடும், ரிசல்ட்டுக்குக் காத்திருக்காது. ஃபாரம் போய் ஒரு மாதமாகிறது. ஐந்தாவது கட்டத்தில் அவளே எழுதி, அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். மாமா வந்ததே, ஆர்டர் போட்ட ஃபைலில் நோட்டிங் எழுதத்தான்.

"பரவால்ல, ஒரு அப்ளிகேஷன் குடுத்தா மாத்திக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே மாமா செருப்பைத் தேடினார். பக்கத்து பிளாக்கில் இன்னொரு பிள்ளை 94 சதவீதமாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. டாக்டர் கனவுக்கு நான்கு பாடங்களை அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது. பள்ளி டெல்லிக்குள் இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதைப் பிள்ளையிடம் விடுங்கள். ஆண்டுதோறும் இருபது லட்சத்துக்கு மேல் எழுதுகிற பரீட்சையில் எம்.பி.பி.எஸ். இடம் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். மற்றவர்கள் எல்லாருக்கும் மிஞ்சப்போவது ஒருவேளை அந்த ஐந்தாவது பாடமாகவும் இருக்கலாம்.

மாமாவுக்கும் ஒரு வார்த்தை. நீட் எழுத 17 வயது நிரம்பினால் போதும். மேல் வயது வரம்பை 2022-லேயே எடுத்துவிட்டார்கள். பள்ளியில் பயாலஜி படிக்கவில்லையே என்ற கவலை வேண்டாம். கட்டின் அடியில் வைத்திருக்கிறீர்களே, அந்த 2023 அறிவிப்பு உங்களுக்கும் பொருந்தும். 2025-இல் பொதுப் பிரிவுக் கட்டணம் 1,700 ரூபாய். நீங்களே எழுதுங்கள்.