துண்டு போட்ட இடங்கள்

டெல்லிக்கு டிக்கெட் போடும்போது, சீட் படத்தில் பாதி விமானம் சாம்பல் நிறத்தில் அடைபட்டுக் கிடந்தது. ஏறிப் பார்த்தால் அதே சீட்டுகளில் பல காலி! யாருக்காக அடைத்து வைத்தார்கள்? (கோவில்பட்டி வாசகர்)

பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது பயணி. விமானத்தில் கம்பெனியே துண்டு போடுகிறது. யாருக்கு என்று மட்டும் சொல்லாது. கைக்குழந்தைக்காரர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், அடிக்கடி பறந்து அட்டை வாங்கிய பிரமுகர்கள், கடைசி நேரத்தில் கொள்ளை விலைக்கு டிக்கெட் எடுப்பவர், வேறு ஊருக்கு டியூட்டிக்குப் போகும் விமானி, பெல்ட் பழுதான சீட் என்று அந்தச் சாம்பலுக்குள் பல ரகம். எதிர்பார்த்த ஆள் வராவிட்டால் சீட் காலியாகவே பறக்கும்.

இன்னொரு விஷயம். எத்தனை டிக்கெட் விற்றிருக்கிறது என்று அந்தப் படம் காட்டாது. டிக்கெட் வாங்கிவிட்டு சீட் தேர்வு செய்யாதவர் அதில் தெரியவே மாட்டார். 'நிறைய காலியிருக்கிறது, விலை இறங்கும்' என்று படத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

'எடையைச் சமன் செய்யத்தான் அடைத்திருக்கிறோம்' என்கிறார்களே, நிஜமா, ரீலா? (தூத்துக்குடி வாசகி)

உங்கள் ஊருக்குச் சென்னையிலிருந்து வரும் ஏடிஆர் விமானமே இதற்குச் சாட்சி. பின்வாசல் வழியாகத்தான் ஏறுகிறோம். நின்றிருக்கும்போது வால் தாழ்ந்துவிடாமல் அடியில் ஓர் ஊன்றுகோல் கொடுப்பதையும் பார்த்திருப்பீர்கள். 78 பேர் உட்காரும் விமானத்தில் 25 பேர் மட்டும் வந்து, ஏறிய வாசலுக்குப் பக்கத்திலேயே எல்லோரும் உட்கார்ந்துவிட்டால் கணக்கு கெட்டுப்போகும். மொத்த எடையும் எந்தப் புள்ளியில் குவிகிறது என்று பார்த்து, லோடுஷீட்டில் போட்டு, விமானியின் கைக்குத் தருவார்கள். அந்தப் புள்ளி முன்னும் பின்னும் ஓரளவுதான் நகரலாம். அதனால் கூட்டம் குறைந்த நாளில் சில வரிசைகளை அடைத்து ஆட்களைப் பரப்பி உட்கார வைக்கிறார்கள். பணிப்பெண் "இப்போது மாறி உட்காராதீர்கள்" என்றால் தயவுசெய்து கேளுங்கள்.

ஆனால், எடைக்காக அடைத்ததாகச் சொன்ன அதே சீட், 500 ரூபாய் கட்டியதும் திறந்துகொண்டால் அது ரீல். ரூபாய் நோட்டுக்கு அவ்வளவு எடை கிடையாது.

மூன்று சீட் வரிசையில் ஓரிடம் காலி. என் மடியில் கைக்குழந்தை. 'அந்த வரிசையில் ஏற்கெனவே ஒரு குழந்தை இருக்கிறது' என்று மறுத்துவிட்டார்கள். குழந்தைகள் கூட்டணி அமைத்துவிடும் என்ற பயமா? (கும்பகோணம் வாசகி)

தலைக்கு மேல் இருக்கும் ஆக்ஸிஜன் முகமூடிதான் காரணம். மூன்று சீட்டுக்குப் பொதுவாக நான்கு முகமூடி, நான்காவது மடிக்குழந்தைக்கு. இரண்டாவது மடிக்குழந்தை வந்தால் ஒன்று குறையும். இந்த அடைப்புக்கு நான் கைதட்டுவேன்.

பத்து வயது மகன் ஒரு மூலையில், நாங்கள் ஒரு மூலையில் என்று பிரித்துப் போட முடியுமா? (ஈரோடு வாசகர்)

கூடாது. 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு, ஒரே பி.என்.ஆரில் வரும் பெற்றோரிலோ பாதுகாவலரிலோ ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவிட்டது. பெற்றோரில் 'ஒருவர்' என்றால் யார் என்பதை அரசு சொல்லவில்லை. மற்றவர் கடைசி வரிசையில் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதால், அதை வீட்டிலேயே பேசித் தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சுற்றி வளைக்காமல் 'பணம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லக்கூடாதா? (திருச்சி வாசகர்)

சொல்லலாம். அமெரிக்க செனட்டின் விசாரணைத் துணைக்குழு 2024 நவம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, அமெரிக்கன், டெல்டா, யுனைடெட், ஸ்பிரிட், ஃபிரான்டியர் ஆகிய ஐந்து கம்பெனிகளும் 2018 முதல் 2023 வரை சீட் கட்டணமாக மட்டும் வாங்கியது 1,240 கோடி டாலர். டிக்கெட் விலை தனி.

விற்பனை உத்தி எளிது. இலவச சீட்டுகளை அடைத்து, நடுவில் நசுங்கும் நாலைந்தை மட்டும் திறந்து வைத்தால் போதும்; அம்மாவும் மகளும் பிரிந்து உட்கார வேண்டுமோ என்ற பயம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பணம் கட்டாதவர் வெப் செக்-இன் திறக்கும் வரை பொறுத்திருந்தால், அடைத்ததில் சில தாமாகவே விடுபடுவதும் உண்டு. இந்தியாவிலும் விருப்ப சீட்டுக்குக் கட்டணம் வாங்க அனுமதி இருக்கிறது. 2018 நவம்பரில் இண்டிகோ, வெப் செக்-இன்னில் எல்லா சீட்டுக்கும் கட்டணம் என்றதும் எழுந்த கூச்சலில், அமைச்சகமே 'பரிசீலிக்கிறோம்' என்றது. விமான நிலைய கவுன்ட்டரில் சும்மா கிடைக்கும் என்று கம்பெனி விளக்கம் சொன்னது.

அடைப்பதில் எனக்குச் சண்டையில்லை. ஆக்ஸிஜனுக்காக அடைத்ததற்கும் ஆசைக்காக அடைத்ததற்கும் ஒரே சாம்பலைப் பூசுகிறார்களே, அதில்தான்.

சீட் நம்பரே இல்லாத விமானம் உண்டா? (மதுரை வாசகர்)

இருந்தது. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட், 1971-ல் பறக்கத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் 'முதலில் ஏறியவருக்கு முதலிடம்' என்றே ஓட்டியது. அதை விடப்போவதாக 2024-ல் அறிவித்தது. பயணிகள் சீட் நம்பரைத்தான் விரும்புகிறார்களாம். கால் நீட்ட இடமுள்ள சீட்டுக்குக் கூடுதல் விலை வைக்கலாம் என்பதைக் கம்பெனியும் விரும்பியது.

டிக்கெட் இருக்கிறது, 'சீட் விமான நிலையத்தில் தரப்படும்' என்கிறார்கள். பயப்படலாமா? (சேலம் வாசகர்)

சீக்கிரம் போங்கள், போதும். வராமல் போகிறவர்களைக் கணக்குப் பண்ணி, இருப்பதைவிட அதிக டிக்கெட் விற்பது வழக்கம். எல்லோரும் வந்து நின்று உங்களை இறக்கிவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தந்துவிட்டால் இழப்பீடு கிடையாது. அது தாண்டி 24 மணி நேரத்துக்குள் என்றால், எரிபொருள் கட்டணமும் சேர்த்த ஒருவழி அடிப்படைக் கட்டணத்தைப் போல இரு மடங்கு, அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் என்றால் நான்கு மடங்கு, அதிகபட்சம் 20,000. இது விதி. கவுன்ட்டரில் தாமாக எடுத்துச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

நடு சீட்டுக்கு என்றைக்காவது மரியாதை கிடைத்ததுண்டா? (நாகர்கோவில் வாசகி)

2020 ஜூன், கொரோனா காலம். முடிந்தவரை நடு சீட்டைக் காலியாக விடுங்கள், விட முடியாவிட்டால் அங்கே உட்காருகிறவருக்கு முழு அங்கி கொடுங்கள் என்று உத்தரவு. பொன்னாடை போர்த்தப்பட்ட ஒரே சீட் அதுதான்.

சில விமானங்களில் 13-ம் வரிசையையே காணோமே, அதையும் அடைத்துவிட்டார்களா? (காரைக்குடி வாசகர்)

எண்ணாமலே விட்டுவிட்டார்கள். லுஃப்தான்சாவில் 13 மட்டுமல்ல, 17-ம் கிடையாது. இத்தாலியர்களுக்கு 17 ஆகாது. ஒன்றையும் ஏழையும் கூட்டினால் எட்டு வருகிறது என்பது நம்மூர் நியூமராலஜிக்காரர்கள் காதில் விழுந்தால், நாளைக்கே ஜெர்மனிக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள்.