களவும் கற்று, சாட்சியும் சொல்

18-ஆம் நூற்றாண்டு லண்டனில் உங்கள் பர்ஸை யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடினால் போலீஸுக்குச் சொல்ல முடியாது. இன்றைக்கு இருப்பதுபோல் போலீஸ் படையே கிடையாது. ராத்திரி ரோந்துக்கு லாந்தரும் தடியுமாக ஒரு பெரியவர் வருவார். அவரை நீங்கள் பத்திரமாக வீட்டில் கொண்டுபோய் விட்டால் புண்ணியம். மற்றபடி திருடனை நீங்களே துரத்தி, நீங்களே பிடித்து, கைக்காசைப் போட்டு நீங்களே கேஸ் நடத்த வேண்டும். பர்ஸில் இருந்ததைவிட அதிகம் செலவாகும் என்பதால் பலர் தலைமுழுகிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

1692-ல் பார்லிமென்ட் மூளையைக் கசக்கியது. வழிப்பறிக்காரனைப் பிடித்து, சாட்சி சொல்லி, தண்டனை வாங்கிக்கொடுத்தால் 40 பவுண்டு பரிசு. அவனுடைய குதிரையும் ஆயுதமும் இலவச இணைப்பு. ஒரு கூலிக்காரர் வருஷம் முழுக்க முதுகொடிய உழைத்தாலும் கண்ணால் பார்க்க முடியாத தொகை. அது போதாதென்று 1720-ல் ராஜாவும் தன் பங்குக்கு, லண்டன் வட்டாரக் கொள்ளைக்கு மட்டும் தலைக்கு 100 பவுண்டு கூட்டினார். திருடர்கள் குறைவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். பெருகியது சாட்சிகள்தான்.

இந்தத் தொழிலின் முதல் பெரிய முதலாளி ஜோனதன் வைல்ட். திருடர்களும் அவன் ஆட்கள்தான், திருடர்களைப் பிடித்துக்கொடுப்பவனும் அவன்தான். பொருளைத் திருப்பிக்கொடுக்கக் கமிஷன். முறைத்துக்கொள்கிற சிஷ்யனைத் தூக்குமேடைக்கு அனுப்பினால் பரிசுப் பணம். கடைசியில் திருட்டு லேஸைத் திருப்பித்தர 10 கினி வாங்கிய வழக்கில் மாட்டி, 1725-ல் டைபர்ன் தூக்குமேடையில் தொங்கினான். அந்தப் பணத்தையும் நியூகேட் சிறைக்குள் இருந்தபடியேதான் வாங்கினான். கடமை தவறாத மனிதன்!

கோர்ட்டும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது. ஓல்டு பெய்லியில் ஒரு கொலை, கொள்ளை வழக்கு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். குற்றம் சாட்டப்பட்டவனின் முகபாவம் ஜூரிக்கு நன்றாகத் தெரியட்டும் என்று, ஜன்னல் வெளிச்சம் அவன் முகத்தில் விழும்படி கூண்டுக்கு மேலே கண்ணாடி வைத்திருந்தார்கள். பாதிக்கப்பட்டவர் சத்தியம் செய்து சாட்சி சொல்லலாம். கூண்டில் நிற்பவன் பேசலாம், ஆனால் சத்தியம் செய்ய அனுமதி இல்லை. உயிருக்குப் பயந்து பொய் சொல்வானாம். 40 பவுண்டுக்கு ஆசைப்பட்டும் ஒருவன் பொய் சொல்லக்கூடும் என்பது நீதிமான்களுக்கு உறைக்கவில்லை.

திருடர்களைப் பிடித்துக்கொடுத்துப் பரிசு வாங்கும் கும்பலை நடத்திய ஸ்டீபன் மெக்டானியலுக்கு உறைத்தது. நிஜத் திருடனைப் பிடிப்பது ஆபத்து, கத்தி வைத்திருப்பான். அப்பாவியைப் பிடித்தால் தொல்லையே இல்லை. ஜோஷுவா கிடன் என்ற சுமைதூக்கியை, சாமான் தூக்கணும் என்று சொல்லி டோட்டன்ஹாம் பக்கம் அழைத்துப்போனான் கும்பலைச் சேர்ந்த தாமஸ் பிளீ. வழியில் வண்டியில் மேரி ஜோன்ஸ் என்ற அம்மாள், அவரும் கும்பல்தான். கொள்ளை நடந்தது, பிளீ மாயமானான், கிடன் மாட்டினான். கூலி வேலைக்கு வந்தேன் என்று அவன் சொன்னதை ஜூரி நம்பவில்லை. 1754 பிப்ரவரியில் தூக்கு.

தொழில் சூடுபிடித்தது. அதே வருஷம் டெப்ட்ஃபோர்டு பக்கம் அடுத்த நாடகம். அந்த வட்டார மக்கள் தனியாக 20 பவுண்டு அறிவித்திருந்ததுதான் ஊர்த் தேர்வுக்குக் காரணம். கேஸ்டிங் கச்சிதம்: கொள்ளை போகிறவர் ஜேம்ஸ் சால்மன், தொழில் தோல் கால்சட்டை தைப்பது. இரண்டு வேலையில்லாத பையன்களை பிளீ கூட்டிவந்து, சால்மனை மறித்து, கால்சட்டைகளைப் பறிக்க வைத்தான். ஈகன் என்கிற செருப்புத் தைப்பவர் திருட்டுச் சரக்கை நல்ல மனசோடு பையன்களிடமிருந்து வாங்கிக்கொண்டார். உடனே மெக்டானியல் வந்து அமுக்கினான். கோர்ட்டில் அடையாளம் காட்டுவதில் என்ன சிரமம்? சால்மன் தன் கையாலேயே தைத்த கால்சட்டை!

பிளாக்ஹீத் தலைமைக் கான்ஸ்டபிள் ஜோசப் காக்ஸ் என்பவருக்குத்தான் மூக்கு வியர்த்தது. பிளீயைப் பிடித்து எல்லாவற்றையும் கக்க வைத்தார். ஆனால் அவசரப்படவில்லை. மெய்ட்ஸ்டோன் கோர்ட்டில் சாட்சிகள் தெய்வத்தின் மேல் ஆணையிட்டு முடிக்கட்டும், ஜூரி 'குற்றவாளிகள்' என்று சொல்லட்டும் என்று காத்திருந்து, பிறகு சாட்சிகளையே அள்ளிக்கொண்டு போனார்.

இதற்கப்புறம்தான் சட்டம் தன் வித்தையைக் காட்டியது. கொள்ளைக்கு உடந்தை என்று கும்பல் மேல் வழக்குப் போட்டார்கள். நீதிபதிகள் தாடையைத் தடவி யோசித்தார்கள். சால்மன் சம்மதித்துத்தானே கொள்ளை போனார்? சம்மதத்தோடு எடுத்தால் அது கொள்ளையே இல்லையே! நடக்காத கொள்ளைக்கு உடந்தை ஏது? வழக்கு புஸ்ஸானது. வேறு வழியில்லாமல் 'சதி' என்று மறுபடி விசாரித்து, 1756-ல் ஏழு வருஷச் சிறையும், கழுத்தையும் கையையும் பலகையில் மாட்டித் தெருவில் நிறுத்தும் தண்டனையும் கொடுத்தார்கள். ஸ்மித்ஃபீல்டில் ஜனங்கள் எறிந்த கல்லில் ஈகன் அங்கேயே செத்தார். கூட்டத்துக்குச் சட்ட நுணுக்கம் தெரியாது.

கிடனைக் கொன்றதற்காக மெக்டானியல் மேல் கொலைக் கேஸும் வந்தது. தூக்கு என்று தீர்ப்பும் ஆனது. மறுபடி சட்ட சந்தேகம்: பொய்சாட்சியால் ஒருவன் கோர்ட் உத்தரவுப்படி தொங்கினால் அது கொலையா? அரசின் தலைமை வக்கீல் அந்த வாதத்துக்குள் இறங்கவே மறுத்துவிட்டார். கிடனைத் தொங்கவிடக் கயிறு கிடைத்தது, மெக்டானியலுக்குக் கிடைக்கவில்லை.

பரிசுத் திட்டத்தையாவது ரத்து செய்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். 1816-ல் இதே பாணியில் குற்றங்களை ஏற்பாடு செய்து பரிசு வாங்கப் பார்த்த ஜார்ஜ் வாகன் பிடிபட்டபோதும் அந்தத் திட்டம் திடகாத்திரமாக இருந்தது. இந்த முறை செட்டப் செய்தவர் தெருப் பொறுக்கி இல்லை; திருடர்களைப் பிடிக்கவே வைத்திருந்த லண்டன் போ ஸ்ட்ரீட் ரோந்துப் படையின் ஆள். 40 பவுண்டுக்கு 1818-ல்தான் பூட்டுப் போட்டார்கள்.