மவுஸின் படம் வரைந்து பாகங்களைக் குறி

தமிழ்நாட்டின் பல தனியார் நர்சிங் கல்லூரிகளில் மிகச் சுத்தமான இடம் எது என்று கேட்டால், யோசிக்காமல் கம்ப்யூட்டர் லேப் என்று சொல்லலாம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆனால் உள்ளே போகத்தான் முடியாது. சாவி கரஸ்பாண்டென்டிடம் இருக்கும்; கரஸ்பாண்டென்ட் ஊரில் இருக்க மாட்டார். இன்ஸ்பெக்‌ஷன் வருகிற வாரத்தில் மட்டும் கதவு திறக்கும், மானிட்டர்களின் பிளாஸ்டிக் உறை கழலும். போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு சிபியு மேல் காய்ந்திருக்கும். அந்த வருஷம் அதன்மீது பட்ட கடைசி விரல் பூஜை செய்தவருடையது.

அதற்காக மாணவிகள் கம்ப்யூட்டர் படிக்கவில்லை என்று சொல்லிவிட முடியுமா? ரெக்கார்டு நோட்டு இருக்கிறதே! வலது பக்கம் பேனாவில் ‘கம்ப்யூட்டர் – வரையறை’. இடது பக்கம் பென்சிலில் மவுஸ் படம், அதன் வால் உட்பட. எக்செல் பயிற்சிக்கு ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுவார்கள்; கூட்டுத்தொகையைத் தனியே போட்டுப் பார்த்துக் கடைசிக் கட்டத்தில் எழுதுவார்கள். கோடு கோணலாக இருந்தால் திருப்பி எழுத வேண்டும். மின்சாரமே தேவைப்படாத கம்ப்யூட்டர் கல்வியை உலகுக்கு வழங்கிய பெருமை நமக்குத்தான்.

பாடத்திட்டத்தின்மேல் பழி போட வழியில்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் பழைய பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் அறிமுகத்துக்கு 45 மணி நேரம் இருந்தது. 2021இல் வந்த புதிய பாடத்திட்டம் இதை ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் என்ற பாடமாக ஆக்கி, வகுப்புக்கு 40 மணி, லேபுக்கு 40 மணி என்று ஒதுக்கியது. மின்னணு நோயாளிப் பதிவேடு, நோயாளியின் பாதுகாப்பு, தகவல் சட்டம் எல்லாம் அதில் இருக்கின்றன. குறையே சொல்ல முடியாத பாடத்திட்டம். லேப் வாசலில் ஒட்டி வைத்திருக்கிறார்கள், பூட்டுக்குச் சற்று மேலே.

அந்த லேப் மணிகள் எங்கே போகின்றன? வார்டில் ஆள் பற்றாக்குறை என்றால் அங்கே. பிபி பார்க்க, ரத்த சாம்பிளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓட, கூலி கேட்காத கைகள் வேண்டும். மருந்தின் அளவைத் தேடிப் பார்க்கக் கையில் ஒரு போனாவது உண்டா? அது வார்டன் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. ஆனால் கல்லூரியின் விளம்பரத் தட்டியில் வெள்ளைச் சீருடைப் பெண் ஒருத்தி லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். பக்கத்தில் அமெரிக்கக் கொடி, பிரிட்டன் கொடி. அமெரிக்காவில் நர்ஸ் ஆவதற்கான என்கிளெக்ஸ் தேர்வு கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. எழுதுகிறவரின் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் கம்ப்யூட்டர் அது. பிரிட்டன் நர்சிங் கவுன்சிலின் முதல் கட்டத் தேர்வும் கம்ப்யூட்டரில்தான். அங்கே போய் மவுஸ் படம் வரைந்து காட்டினால் யார் மார்க் போடுவார்கள்?

வெளிநாடு போகாத மாணவி நாளை கிராமத்து சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஆகிறாள் என்று வையுங்கள். கர்ப்பிணியைப் பிக்மி என்ற அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கே அந்தப் பதிவு எண்ணைக் கேட்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த 2021 முதல், வீட்டுக்கு வீடு பார்க்கும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பதிவுக்குள் போக வேண்டும். ஆபா என்ற மருத்துவ அடையாள எண் என்றால் 14 இலக்கம். எல்லாவற்றையும் ஏற்றி முடித்த பிறகு, அதையே பழைய ரிஜிஸ்டரில் கையால் எழுத வேண்டும். மேலே இருப்பவர்களுக்குக் கம்ப்யூட்டர்மேலும் நம்பிக்கை இல்லை, நர்ஸ்மேலும் நம்பிக்கை இல்லை. இரண்டு அவநம்பிக்கைக்கும் சேர்த்து உழைப்பவள் ஒருத்திதான்.

தனியார் மருத்துவமனையில் வேறு கதை. புது சாஃப்ட்வேர் வந்ததும் கம்பெனி ஆள் பயிற்சி தருவார், நைட் டூட்டி முடித்துக் கண் செருகி நிற்பவர்களுக்கு. வார்டு முழுவதற்கும் ஒரே லாகின். பாஸ்வேர்ட் மானிட்டரிலேயே செல்லோ டேப்பில் ஒட்டியிருக்கும். தவறு நடந்தால் மட்டும் அது ‘சிஸ்டரோட லாகின்’ ஆகிவிடும். விசாரணை ஒரே வரியில் முடியும்: “அந்தப் பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் தெரியல சார்.” யாரய்யா சொல்லிக் கொடுத்தது, தெரிவதற்கு?

மாணவிக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா என்று உண்மையாகவே சோதிக்க நினைத்தால் வரையறை எதற்கு? ஒரே வார்டில் ஒரே வயதில் இரண்டு லட்சுமி. பொட்டாசியம் குறைந்திருப்பது எந்த லட்சுமிக்கு என்று திரையில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 0.5 மில்லிகிராம் மருந்து 5 என்று பதிவாகியிருந்தால், கண்ணில் படுகிறதா, கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுகிறாளா என்று பாருங்கள். எழுந்து போகும்போது லாக் அவுட் செய்கிறாளா? நோயாளியின் ரிப்போர்ட்டை வாட்ஸாப் குரூப்பில் போடு என்று சீனியர் சொன்னால் மறுக்கிறாளா? முதல் வாரம் ஒரு முறை சோதியுங்கள், எங்கே தடுமாறுகிறாளோ அதையே பயிற்சியாக்குங்கள், செமஸ்டர் முடிவில் மறுபடி சோதியுங்கள். காசில்லை என்று அழ வேண்டாம். ஓப்பன் எம்ஆர்எஸ் என்ற மருத்துவப் பதிவு மென்பொருள் இலவசம். அதன்மேல் கட்டப்பட்ட பாம்னி, சத்தீஸ்கரின் கனியாரி கிராமத்து மருத்துவமனைக்காக உருவானது. கிராம மருத்துவமனைக்கு முடிந்தது, பஸ் பத்து ஓட்டும் கல்லூரிக்கு முடியாதா?

ஆகவே முதல் தேர்வை நிர்வாகம் எழுதட்டும். லேப் சாவி யாரிடம்? கடைசியாகத் திறந்தது என்றைக்கு? கம்ப்யூட்டருக்கென்று வாங்கிய கட்டணத்தில் வாங்கிய கம்ப்யூட்டர் எது? ஒவ்வொரு மாணவிக்கும் தனி லாகின் உண்டா? பதில் இல்லையென்றால் அந்த வருஷம் மாணவர் சேர்க்கை கிடையாது. வாங்கிய பணம் பெற்றோருக்குத் திரும்ப வேண்டும். ஆன்லைனில் பணம் அனுப்பத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். வாங்கும்போது தெரிந்ததே!