மண்வெட்டி பிடிக்காத பழமைவாதி

வாடா பேராண்டி, உக்காரு. மெட்ராசுல மேல்படிப்பு படிக்கிறவன் லீவுக்கு வந்ததும் வராததுமா 'நான் பழமைவாதி'ன்னு சொன்னியாமே. ஒங்க ஆத்தா பயந்துபுட்டா. ஏதோ புது வியாதின்னு நெனச்சு சேத்தியாத்தோப்பு கடைத்தெருவுல மருந்துக்கடை வரைக்கும் போய் விசாரிச்சிருக்கா. நான்தான் சமாதானம் சொன்னன். 'இதுல பயப்பட ஒண்ணுமில்ல, நம்ம ஊருல பாதிப் பேருக்கு இது பொறந்ததுலேருந்து இருக்குது, இவனுக்கு இங்கிலீசுல வந்திருக்குது, அவ்ளோதான்'னு.

ஆனா எதுவா ஆனாலும் ஒழுங்கா ஆவணும்டா. அரைகுறைப் பழமைவாதியை வச்சுக்கிட்டு ஊரு என்னா பண்ணும்?

நீ தலைக்கு மேல தூக்கி வச்சிருக்கிற எட்மண்ட் பர்க்கை எனக்கும் கொஞ்சம் தெரியும். ஏன் முழிக்கிற? நூலகத்துல காத்தாடிக்குக் கீழ உக்காந்து பாதி நேரம் தூங்கினாலும் மீதி நேரம் படிச்சவன் நான். பிரெஞ்சுப் புரட்சியைத் திட்டி 1790-ல புத்தகம் போட்டாரே, ஒனக்கு அது தெரியும். அதுக்கு அஞ்சு வருசம் முன்ன, 1785 பிப்ரவரியில, அதே மனுசன் லண்டன் பார்லிமெண்டுல நின்னு நம்ம பக்கத்து ஏரிகளைப் பத்திப் பேசினது தெரியுமா? ஆற்காட்டு நவாப்பு முகமது அலி கிழக்கிந்தியக் கம்பெனி ஆளுங்ககிட்ட வட்டிக்கு வாங்கி வாங்கி, கடைசியில சீமையோட வரி வசூலையே அவங்களுக்கு ஈடா எழுதி வச்சாரு. அந்தக் கடனை விசாரிக்காமலே தீக்கச் சொல்லி லண்டன் அரசாங்கம் உத்தரவு போட்டுது. பர்க்குக்கு வந்துச்சு பாரு கோவம். கர்நாடகச் சீமையிலயும் தஞ்சாவூருலயுமா பெரிசும் நடுத்தரமும் சேத்து 10,000 ஏரிக்குக் கொறையாதுன்னாரு. ஒரு சீமைப் படத்தை விரிச்சு வச்சு உக்காந்து எண்ணி, அதுல மட்டும் 1,100-க்கு மேல இருக்குதுன்னாரு. தன் ஆயுசு முடிஞ்ச பொறவும் சனங்களுக்குச் சோறு போடணும்னு பேராசைப்பட்ட ராசாக்கள் கட்டினது இதெல்லாம்னு மெச்சினாரு. வாய்க்காலைத் தூர் எடுத்து வச்சிக்கிறதுக்கே தனியா செலவு புடிக்கும்னு அது வரைக்கும் தெரிஞ்சு வச்சிருந்தாரு.

இத்தனைக்கும் இந்த மண்ணுல ஒரு நாளும் காலு வைக்காத மனுசன். வீராணம் ஏரிக்கரையில பொறந்த நாம என்னைக்காவது ஏரியை எண்ணிப் பாத்திருக்கமா? எண்ணத்தான் செய்யிறோம், ஏரிக்குள்ள எத்தனை பிளாட்டு போடலாம்னு.

ஒங்க ஆளுங்களோட மொதல் பாடம் என்னா? மனுசன் கொறையுள்ளவன், அவன் நல்லவனா இருப்பான்னு நம்பி ஒரு ஏற்பாடும் பண்ணக்கூடாது. சரிதானே? இதைக் கத்துக்க லண்டன் வரைக்கும் போவ வேணாம். தண்ணி முறை வச்சு விடுற நாள்ல ராத்திரி ரெண்டு மணிக்கு மடைக்குப் போ. பகல்ல சங்கக் கூட்டத்துல 'கடைமடைக்கும் தண்ணி போயாவணும்'னு கண்ணு கலங்கப் பேசினவரு, கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, வாமடையில அடைச்ச சேத்தைக் கட்டைவிரலால நோண்டிக்கிட்டு நிப்பாரு. டார்ச்சு அடிச்சா அசர மாட்டாரு. 'நண்டு வளை போட்டுடுச்சு மாமா, தண்ணி அதுவா கசியுது'ம்பாரு. குனிஞ்சு பாத்தா அந்த நண்டுக்கு அஞ்சு வெரலு இருக்கும், ஒரு வெரல்ல மோதிரமும் இருக்கும்.

அந்த நண்டுக்குப் பயந்துதான்டா முறைன்னு ஒண்ணை வச்சாங்க. எவனும் எழுதி வைக்கல. எத்தனை நாழி யாருக்கு, எந்த மடைக்கு அப்பறம் எந்த மடைன்னு எத்தனையோ தலைமுறை அடிச்சுப் புடிச்சு, மண்டை ஒடைஞ்சு, கடைசியில ஒத்துக்கிட்டது. நேத்து வந்த இஞ்சினீரு பேப்பர்ல கோடு போட்டு அதை ஒரு நாள்ல மாத்திட முடியாது. இதுல நான் ஒன் கட்சி, கைய குடு.

கைய விட்றா, இன்னும் முடியல. வீராணத்தை முதலாம் பராந்தகன் காலத்துல, அவரு மவன் ராசாதித்தன் வெட்ட வச்சாருன்னு சொல்றாங்க. கல்கி பொன்னியின் செல்வனை அந்தக் கரையிலதான் ஆரம்பிக்கிறாரு. வந்தியத்தேவன் குதிரை மேல வந்து தண்ணியை வேடிக்கை பாத்துட்டுப் போவான். வேடிக்கை பாத்தவன் பேரு நாடு பூரா தெரியுது. கூடை கூடையா மண்ணு சுமந்தவன் ஒருத்தன் பேராவது தெரியுமா?

குடிமராமத்துன்னு நீ உருகி உருகி எழுதுவ. ஊரே ஒண்ணா சேந்து கரை கட்டுச்சு, அரசாங்கத்தை எதிர்பாக்கலன்னு. கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா கரை மேல குடை புடிச்சு நின்னு கணக்கு எழுதினவரு ஒரு தெரு, இடுப்பளவு சேத்துல நின்னு வெட்டினவன் இன்னொரு தெரு. தண்ணி மொதல்ல எந்தத் தெருக்காரன் வயலுக்குப் போச்சுன்னு நான் சொல்லணுமா? வெட்டினவனுக்கு வயலே கெடையாது, கூலி நெல்லுதான். அந்த 'ஊரு ஒத்துமை' ஆட்டங்கண்டப்ப, 1858-ல சென்னை மாகாணத்துல கட்டாய வேலைச் சட்டம்னே ஒண்ணு போட்டாங்க. தானா வர்ற ஆளுக்கு எதுக்குடா சட்டம்? அப்பறம் 2017-ல அரசாங்கமே குடிமராமத்துன்னு அதே பேருல திட்டம் கொண்டாந்துச்சு. ஆயக்கட்டு சங்கத்துக்கு வேலை, விவசாயிங்க பத்துல ஒரு பங்கு போடணும்னு விதி. பொக்லைன் வந்து அள்ளுச்சு. குடிங்க எல்லாம் கரையில நின்னு செல்போன்ல படம் புடிச்சோம்.

அதனால ஒங்க கூட்டத்துல எவனாவது 'நம்ம முன்னோர் வழக்கம்'னு ஆரம்பிச்சா, மரியாதையா எழுந்து, 'அண்ணே, அது யாரு முதுகுல நடந்துச்சு?'ன்னு கேளு. பதில் சொல்றவன்கூடச் சேரு. மொறைக்கிறவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு வந்துடு.

இப்ப ராஜாஜிக்கு வருவோம். நம்ம ஊருப் பழமைவாதின்னா அவருதான். 1952-ல முதல் மந்திரியா வந்த கொஞ்ச நாள்லயே அரிசிக்கு இருந்த கட்டுப்பாட்டை எடுத்தாரு. நாடே பட்டினி கெடக்கப் போவுதுன்னு பயமுறுத்தினாங்க, அப்படி ஒண்ணும் ஆவல. பதுங்கிக் கெடந்த மூட்டை வெளிய வந்துச்சு. 1959-ல காங்கிரசு நாகபுரியில கூட்டுப்பண்ணை தீர்மானம் போட்டுது. எண்பது வயசுல அந்த மனுசன் சுதந்திராக் கட்சி ஆரம்பிச்சாரு. பெர்மிட்டு, லைசென்சு, கோட்டா ராஜ்யம்னு அவரு வச்ச பேரு இன்னைக்கும் ஒட்டிக்கிட்டு நிக்குது. 1967-ல லோக்சபாவுல 44 சீட்டு. இங்க தி.மு.க.வோட கூட்டு. ஆமாண்டா, கூட்டுத்தான். பழமைவாதியும் பகுத்தறிவுவாதியும் ஒரே மேடையில ஏறினது இந்த ஊருல நடந்த கதைதான்.

ஆனா அவருகிட்டயும் ஒரு குறும்பு உண்டு. அரசாங்கம் கடைக்குள்ள மூக்கை நீட்டக்கூடாதுன்னு பின்னாடி சொன்னவரு, 1937-ல சேலத்துல கள்ளுக்கடைக்குள்ள மூக்கை என்னா, தலையவே விட்டாரு. மதுவிலக்கால போற வருமானத்தை ஈடுகட்ட, 1939-ல விற்பனை வரி போட்டாரு. 1953-ல பள்ளிக்கூடத்தை அரை நாளாக்கி, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும்னாரு. அதுலதான் சறுக்கினாரு. குலக்கல்வின்னு ஊரு எழுந்துச்சு, அடுத்த வருசம் நாற்காலி காமராசருக்குப் போச்சு.

அப்பன் தொழிலை மவன் கத்துக்கிறது தப்பாடா? தப்பில்ல. அதைத் தவிர வேற எதையும் கத்துக்காதன்னு மணி அடிச்சு வூட்டுக்கு அனுப்பறதுதான் தப்பு. விருத்தாசலத்துல போய்ப் பாரு. பீங்கான் தொழிற்பேட்டை இருக்குது, பீங்கான் தொழிலுக்குன்னே படிப்பும் இருக்குது. பொம்மையும் பண்றாங்க, கரண்டு லைனுக்குப் பீங்கானும் பண்றாங்க. அந்தப் படிப்புக்கு மார்க்கு சீட்டைக் கேப்பாங்க. 'ஒங்க தாத்தா சக்கரம் சுத்தினவரா?'ன்னு கேக்க மாட்டாங்க. மண்ணைப் பெசையிற வித்தையும் அழியல, எவன் வேணா கத்துக்கலாம்னும் ஆச்சு. காப்பாத்துறதுன்னா இப்படியும் காப்பாத்தலாம்.

பெரிய திட்டத்தைக் கண்டா சந்தேகப்படுன்னும் ஒங்க புத்தகம் சொல்லுமே? நாங்க சந்தேகப்பட்டவங்கதான். ஏரித் தண்ணியை மெட்ராசுக்குக் கொண்டு போறோம்னு மொதல்ல வந்த வீராணம் திட்டம் பாதியில நின்னு, ரோட்டோரமா யானை மாதிரி குழாயி கெடந்துச்சு. ஆடு படுத்துச்சு, மழைக்கு ஆளு ஒதுங்கினான். சிரிச்சோம். 2004-ல புது வீராணம்னு வந்துச்சு, அப்பவும் சிரிச்சோம். நெசமாவே தண்ணி மெட்ராசுக்குப் போயிடுச்சு. அங்க நீ குளிக்கிறதுல ஒரு சொம்பு நம்ம ஏரித் தண்ணியா இருக்கும். சந்தேகப்படு, ஆனா அது நடந்துட்டா ஒத்துக்கவும் பழகு.

வடலூரு கதை இன்னும் வேடிக்கை. 1867-ல வள்ளலாரு தருமச்சாலையில மூட்டின அடுப்பு இன்னைக்கும் எரியுது. சர்க்காரு மானியத்துல ஆரம்பிச்சது இல்ல, சனங்க கொண்டாந்து கொட்டின அரிசி. அரசாங்கம் வேற, சமுதாயம் வேறன்னு நீ பக்கம் பக்கமா எழுதுறியே, அந்த அடுப்பங்கரையில ஒரு வேளை சாப்பிட்டா வெளங்கிடும். வள்ளலாரோட சபைக்குன்னு பார்வதிபுரத்து சனங்க எழுதிக் குடுத்த பெருவெளியில, 2024-ல அரசாங்கம் சர்வதேச மையம் கட்டப் பள்ளம் தோண்டினப்ப, ஊரு மறிச்சுது. குடுத்தவங்க செத்துட்டாங்க, யாருக்காகக் குடுத்தாங்களோ அதுல பாதிப் பேரு இன்னும் பொறக்கல, நடுவுல இருக்கிற நமக்கு அதைக் கொத்திப் போட உரிமை இல்லன்னுதான் அவங்க வாதம். பர்க்கு சொன்னதும் ஏறக்குறைய இதுதானே? ஆனா சொன்னவங்க யாருன்னு பாரு. சாதியும் சாத்திரமும் வேணாம்னு தள்ளின ஒரு துறவியோட சனங்க! அந்தப் போராட்டத்துல ஒன்னை மாதிரி பழமைவாதி எத்தனை பேரு நின்னீங்க? ஹூம். பரீட்சை இருந்திருக்கும்.

சரி, பொருளாதாரத்துக்கு வா. அரசாங்கம் கைய கட்டிக்கிட்டு ஒதுங்கி நிக்கணும்ங்கிற. எனக்கும் அதுதான் ஆசை. ஆனா கரும்பு வெலையைச் சொல்றது டெல்லி, நெல்லு வெலையைச் சொல்றதும் டெல்லி. நம்ம கொல்லையில மோட்டாரு ஓடுறது 1990-லேருந்து இலவசக் கரண்டுல. ஆத்தா சமைக்கிறது ரேசன் அரிசி. 'அரசாங்கமே வெளிய போ'ன்னு நான் கூவணும்னா, மொதல்ல மோட்டாரை நிறுத்திட்டுத்தான் கூவணும். இல்லன்னா சத்தத்துல கேக்காது.

ஒன் கொள்கையை நான் கெடுக்கல. அடுத்த மாசம் வாய்க்காலு வெட்டுறப்ப வந்து ரெண்டு கூடை தூக்கு, அப்பறம் பாரம்பரியம்னு பேசு. அதுவரைக்கும் இந்தப் போனைப் புடி. வருசத்துக்கு ஆறாயிரம் போடுறானே கிசான் பணம், அதுக்கு கேஒய்சி முடிக்கணுமாம். எனக்கு ரேகை தேஞ்சு போச்சு, மிசினு புடிக்க மாட்டேங்குது. ஓடிபி வரும், நீயே பாத்துப் போடு. சத்தமாப் படிக்காத, பக்கத்து வூட்டு நண்டு திண்ணையிலதான் படுத்திருக்குது.