அப்பா இருக்கப் பையன் எதற்கு?

கேள்வி: அரசியல்வாதியைக் கிண்டலடிக்கும்போது அவருடைய பிள்ளைகளையும் சேர்த்து வாரலாமா?

பதில்: பிள்ளைக்கு என்ன வயது, என்ன பதவி? முதலில் அதைச் சொல்லுங்கள். 2017 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற நாளில், அவருடைய 10 வயது மகன் பாரனை ட்விட்டரில் நக்கலடித்தார் 'சாட்டர்டே நைட் லைவ்' நகைச்சுவை நிகழ்ச்சியின் எழுத்தாளர் ஒருவர். விளைவு, சஸ்பெண்ட்! பையனுக்காக எதிர்முகாமிலிருந்து பரிந்து பேசியவர் யார் தெரியுமா? செல்சி கிளிண்டன். பட்டவராயிற்றே! அப்பா அதிபரானபோது செல்சிக்கு வயது 12. இதே நிகழ்ச்சிதான் அவர் தோற்றத்தையும் கேலி செய்தது. 1998-ல் செனட்டர் ஜான் மெக்கெய்னும் தன் பங்குக்கு ஒரு மட்டமான ஜோக் அடித்துவிட்டு, பிறகு அதிபர் கிளிண்டனிடம் மன்னிப்புக் கேட்டார். போர்க் கைதியாக ஐந்தாண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்த மனிதர், பள்ளிப் பருவம் தாண்டிய ஒரு பெண்ணிடமா வீரத்தைக் காட்டுவது?

டிரம்பின் மகள் இவாங்கா சங்கதி வேறு. வளர்ந்தவர்; வெள்ளை மாளிகையிலேயே ஆலோசகராக உட்கார்ந்தவர். தாராளமாக வாரலாம், கூடவே கணவரையும்.

டிரம்ப் அதிபராக இருக்கும் ஊரில், ஜோக்குக்கு ஆள் கிடைக்காமல் பத்து வயதுப் பையனைத் தேடிப் போகிறார் என்றால், அந்த எழுத்தாளரை 'சரக்கு தீர்ந்துவிட்டது' என்று சொல்லியே சஸ்பெண்ட் செய்திருக்கலாம்!