மரத்துக்கு லீவு உண்டு

ரப்பர் மரத்தின் மேல் எனக்கு நெடுநாளாகவே கொஞ்சம் பொறாமை. பேராக் தோட்டங்களில் இன்றைக்கு வெட்டிய மரத்தை நாளைக்கு வெட்ட மாட்டார்கள். மரத்தின் பாதிச் சுற்றுக்கு, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியும் ஒரு கோடு. கத்தி எடுப்பது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பட்டை மட்டும். பால் வழிந்து மங்கில் சொட்டி, சில மணி நேரத்தில் குழாய்களின் வாய் உறைந்து தானாகவே நின்றுவிடும். உள்ளே பழையபடி பால் ஊற இரண்டு மூன்று நாளாகும் என்பதால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. ஆசைப்பட்டுத் தினமும் கத்தி வைத்தால் பட்டை காய்ந்துபோகும், பிறகு கெஞ்சினாலும் பால் வராது. இந்த மாதிரி விஷயங்களை ஆராய மலாயாவில் 1925-லேயே ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் வைத்தார்கள். இலை உதிரும் மாதங்களில் பல தோட்டங்களில் வெட்டையே குறைத்தார்கள், சில இடங்களில் நிறுத்தியும் வைத்தார்கள். ஆக, மரத்துக்கு மருத்துவ விடுப்பும் உண்டு, ஆண்டு விடுப்பும் உண்டு. அந்த மரத்தை வெட்டியவருக்கு? இந்த நிரைக்கு இன்று ஓய்வென்றால் அவர் அடுத்த நிரைக்குப் போக வேண்டும். இருட்டோடு பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, ஏறக்குறைய ஐந்நூறு மரம் வெட்டி, காண்டாக் கம்பில் இரண்டு வாளியைச் சுமந்து பால் ஸ்டோருக்கு வந்து சேர்ந்தவரைப் பற்றி யாரும் கழகம் வைத்து ஆராயவில்லை.

அதே பேராக்கில் லகாட் பக்கம் ஈயம் தோண்டியவர்கள் இதைவிட மோசம். மண்ணுக்குக்கூட ஓய்வு கொடுக்காமல் தோண்டியதன் சாட்சியாக, ஈப்போவிலிருந்து பத்து காஜா வரை ஈயக் குட்டைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கின்றன. ஒரே வட்டாரத்தில் இரண்டு தொழில். ஒன்று ஓய்வு கொடுத்துக் கொடுத்துப் பால் எடுத்தது, மற்றொன்று முழுவதையும் எடுத்துவிட்டுப் போய்விட்டது. நம்மில் பெரும்பாலோர் நம் உடம்பை நடத்துவது ஈயக்காரர்கள் முறையில்தான். தோட்ட நிர்வாகம் மரத்துக்குக் காட்டிய மரியாதையில் கால்வாசியை நம் முதுகுக்கு நாமே காட்டிக்கொள்ளலாம் என்பதுதான் என் கட்சி. அதற்கு ஒரு முறையும் இருக்கிறது. அதன் பெயர் ஓய்வு யோகா.

யோகா என்றதும் தலைகீழாக நிற்பவர்களையும், காலைத் தூக்கிக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்பவர்களையும் நினைத்துப் பயப்பட வேண்டாம். இதில் செய்ய வேண்டியது படுப்பது. இந்த முறைக்கு வித்திட்டவர், 1918-ல் கர்நாடகத்துப் பெல்லூரில் பிறந்த யோகா ஆசான் பி.கே.எஸ். ஐயங்கார். சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாக எல்லாவற்றையும் பார்த்தவர். நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் கற்றுக்கொடுக்கப் போர்வை, கயிறு, நாற்காலி, கட்டை, திண்டு என்று வீட்டுச் சாமான்களையெல்லாம் ஆசனத்துக்குள் கொண்டுவந்தார். உடம்பு வளையாவிட்டால் தரையை உடம்புக்கு அருகே கொண்டுவருவது அவர் வழி. அவரிடம் பயின்ற அமெரிக்கர் ஜூடித் லாசட்டர் 1995-ல் எழுதிய புத்தகத்தின் மூலம் இந்த ஓய்வு முறை தனிப் பிரிவாகப் பரவியது. ஒரு வகுப்பில் நாலைந்து நிலைகள்தான். ஒவ்வொன்றிலும் பத்து, பதினைந்து நிமிடம் கிடக்க வேண்டும். எங்கேயாவது தசை இழுத்தால் இன்னொரு போர்வையை மடித்து வை என்பார் ஆசிரியர். உலகத்தில் மாணவன் சிரமப்பட்டால் ஆசிரியர் தலையணை கொண்டுவந்து கொடுக்கும் பாடம் இது ஒன்றுதான்.

இது நமக்குப் புதிதுமில்லை. பழைய தோட்டங்களின் துரை பங்களா வராந்தாவில் ஒரு நாற்காலி கிடக்கும். பிரம்பு பின்னிய சாய்வு, இரண்டு கைகளும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நீளம். துரை அதில் சாய்ந்து, பூட்ஸைக் கழற்றி, இரண்டு காலையும் அந்தக் கைகளின் மேல் தூக்கிப் போட்டுக்கொள்வார். காலில் தேங்கியது இறங்கும், முதுகுக்குத் தாங்கல், மூச்சு தானாக நிதானப்படும். யோகாக்காரர்கள் விபரீத கரணி என்று சுவரில் காலைச் சாய்த்துச் செய்வதன் ஏறக்குறைய அதே பலன், விஸ்கியுடன். தோட்டத்தில் முதலில் ஓய்வு யோகா செய்தவர் துரைதான் என்று நான் துணிந்து சொல்வேன். தொழிலாளர் லயத்தில் அந்த நாற்காலி கிடையாது, ஆனால் அதைவிட நல்ல சாமான் வீட்டுக்கு வீடு உண்டு. கட்டிக்கொண்டு தூங்கும் அந்த நீண்ட உருண்டைத் தலையணை, மலாய்க்காரர்கள் பந்தால் பெலுக் என்பது. இன்று ஈப்போ நகரத்துக் கடைகளில் யோகாத் திண்டு என்று பெயர் மாற்றி வைத்து விற்பது அதற்குத் தம்பி முறை. அதை நீளவாக்கில் போட்டு, முதுகெலும்பு அதன் மேல் படும்படி மல்லாந்து, பாதங்கள் இரண்டையும் சேர்த்து, முழங்கால்களை இரு பக்கமும் சாயவிட்டு, அவற்றின் கீழ் ஆளுக்கொரு தலையணை முட்டுக்கொடுத்துப் பாருங்கள். நெஞ்சு திறந்து, வயிறு தானாக ஏறி இறங்கும். செலவு பூஜ்ஜியம் வெள்ளி.

"படுத்துக் கிடப்பதற்கு யோகா என்று ஒரு பெயரா? அதற்குத்தான் தூக்கம் இருக்கிறதே" என்பது முதல் ஆட்சேபணை. நியாயமானதுதான். ஆனால் தூங்குகிறவன் ஓய்வெடுக்கிறான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பல்லைக் கடித்துக்கொண்டு, தோளைக் காது வரை தூக்கிக்கொண்டு, கனவில் கடன்காரனோடு வாக்குவாதம் செய்துவிட்டு எழுகிறவர்கள் நம்மில் ஏராளம். ஓய்வு யோகாவில் விழித்திருக்க வேண்டும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கும்போது இதயத் துடிப்பு தணிகிறது, அவசரத்துக்கென்றே இருக்கும் நரம்பு மண்டலம் கொஞ்சம் கையைக் கட்டிக்கொள்கிறது. ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975-ல் ஒரு புத்தகமே எழுதி விளக்கியது இந்த மாற்றத்தைத்தான். பதினைந்தாம் நூற்றாண்டு ஹடயோகப் பிரதீபிகையும் சவாசனம் களைப்பைப் போக்கும் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டது. (மலாயில் சமாதிக் குழியின் பக்கவாட்டு அறையை லகாட் என்றுதான் சொல்கிறார்கள். ஊர்ப் பெயர் அதிலிருந்து வந்ததென்று நான் சொல்லவில்லை. ஆனாலும் பிணம்போல் படுக்கும் ஆசனத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமையாது.)

இரண்டாவது ஆட்சேபணை பெரியவர்களிடமிருந்து வரும். "எங்க காலத்தில் யோகாவா செய்தோம்? உழைத்தோம், நன்றாகத்தான் இருந்தோம்." உழைத்தது உண்மை. நன்றாக இருந்ததைப் பற்றி அவர்களுடைய முழங்கால்களைத் தனியாக விசாரிக்க வேண்டும். அவர்களுக்கு ஓய்வு கிடைக்காமலும் இல்லை. மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய நாள் கூலியும் இல்லை. லயத்துத் திண்ணையில் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்திருந்த அந்த மனிதர் ஓய்வில் இருந்தாரா, மளிகைக் கடைக் கணக்கில் இருந்தாரா? உடம்பு சும்மா இருந்தது, உள்ளே மட்டும் பெரட்டு மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்றைக்கு அந்த மணியைச் சட்டைப் பையில் வைத்து, இரவில் சார்ஜும் போடுகிறோம்.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இனவாரியாகப் பார்த்தால் அதில் இந்தியர்களாகிய நாம்தான் முன்னணி, யாரும் பயிற்சி கொடுக்காமலேயே. இந்த நோயின் வாசலில் நிற்பவர்கள் சுமார் 180 பேரை வைத்துக் கலிபோர்னியாவில் ஓராண்டுச் சோதனை ஒன்று நடத்தி 2014-ல் வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு ஓய்வு யோகா, மறுபாதிக்குச் சாதாரணத் தசைநீட்டல் பயிற்சி. வெறும் வயிற்றுச் சர்க்கரை யோகாக் குழுவில் சற்றுக் கூடுதலாகக் குறைந்தது. ஆஹா என்று கை தட்டுவதற்குள் இன்னொரு முடிவும் வந்தது. மன அழுத்தத்தோடு சேர்ந்து வரும் கார்டிசோல் சுரப்பில் தசைநீட்டியவர்களுக்குத்தான் நல்ல மாற்றம். ஓய்வு யோகா சர்வரோக நிவாரணி என்று நோட்டீஸ் அடிப்பவர்கள் இந்த இரண்டாம் பகுதியை மட்டும் அச்சேற்ற மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இது நடைக்கும் மாத்திரைக்கும் மாற்று இல்லை. நடந்து களைத்தவனும் மாத்திரை போட்டவனும் செய்ய வேண்டியது. கண் அழுத்தம் உள்ளவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் படுப்பது நல்லது.

மூன்றாவது ஆட்சேபணைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. "நான் இருபது நிமிடம் படுத்தால் அடுப்பை யார் பார்ப்பது?" என்று வீட்டுப் பெண்கள் கேட்பது. அவர்கள் மரத்தையும்விட மோசமான நிலையில் இருக்கிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற பேச்சே அங்கே கிடையாது. இதற்குத் திண்டும் போர்வையும் போதாது, வீட்டில் இன்னொருவர் கரண்டி பிடிக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் செய்ய வேண்டியது எளிது. அறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டு, சுவரோரமாக இடுப்பை ஒட்டிவைத்து, கால் இரண்டையும் சுவரில் ஏற்றி, கண்ணின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கிடக்கலாம். போவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கதவைத் திறந்து பார்த்தவர் போடும் சத்தத்தில், லகாட் முழுக்க உங்களைத் தேடி வந்துவிடும்.